தீம்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற மென்பொருள்காரர்களுக்கு ‘தீம்’ அன்றாடச் சொல். இணையப் பக்கத்தின் நிறம், எழுத்துரு, இடைவெளி, மூலை வளைவு எல்லாவற்றையும் ஓரிடத்தில் குறித்து, வேண்டும்போது மொத்தமாக மாற்றிக்கொள்ளும் தொகுப்பு அது. (பழந்தமிழில் தீம் என்றால் இனிமை, தீம்பால், தீங்கனி. மாம்பழச் சீமைக்காரர்கள் குழம்ப வேண்டாம், இது வேறு.)

மூலம் கிரேக்கத்தின் ‘தெமா’: வைக்கப்பட்டது, பேசுவதற்கு முன்வைத்த பொருள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கூடவே வரும் ‘காம்பொனென்ட்’ (பக்கத்தைக் கட்டும் பொத்தான் போன்ற துண்டு) என்ற சொல்லின் லத்தீன் வேருக்குச் சேர்த்து வைத்தல் என்று பொருள்.

பொத்தான், படிவப் பெட்டி, அட்டை ஆகியவற்றை ஒருமுறை செய்து எங்கும் எடுத்தாள்வதற்கான ஏற்பாடுதான் டிசைன் சிஸ்டம். கூகுளின் மெட்டீரியல் டிசைன் 2014இல் வந்தது. இதில் சூட்சுமம் ஒன்றுதான்: பொத்தானுக்குள் நிறத்தை எழுதுவதில்லை, ‘முதன்மை நிறம்’ என்ற பெயரை மட்டுமே எழுதுகிறார்கள். அந்தப் பெயர்தான் டோக்கன். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு அதன் மதிப்பு மஞ்சள், ஓசூர் ரோஜா வியாபாரிக்குச் சிவப்பு, பொத்தான் ஒன்றே. ஆனால் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து படிக்க ஆகாது. பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்பதற்கான இணைய அணுகல் நெறி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கிறது. ஆகவே ‘முதன்மை நிறத்தின் மேல் எழுத்து’ என்று இன்னொரு டோக்கனும் வேண்டும். இதை விட்டுவிட்டுத் தீம் மாற்றலாம் என்பது பாதி வேலை.

தீம் என்பதைத் தமிழில் ‘கருப்பொருள்’ என்று பெயர்க்கிறார்கள். கதைக்குச் சரி, இங்கே பொருந்தவில்லை. தொல்காப்பியம் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை முதலியவற்றைக் கரு என்கிறது. இந்தப் பெயர்கள் நிலையானவை, மதிப்புதான் திணைக்குத் திணை மாறும். குறிஞ்சியில் தெய்வம் சேயோன், முல்லையில் மாயோன். அப்படிப் பார்த்தால் கரு என்பது டோக்கன், தீம் என்பது திணை! அழகுதான். ஆனாலும் கறுப்புப் பின்னணி கொண்ட ‘டார்க் தீம்’ என்பதற்கு மெனுவில் ‘இருள் திணை’ என்று போட்டால் யாரும் தொடமாட்டார்கள். ‘இருண்ட தோற்றம்’ போதும். தீமுக்குத் ‘தோற்றத் தொகுப்பு’, காம்பொனென்டுக்கு ‘உறுப்பு’, டிசைன் சிஸ்டத்துக்கு ‘வடிவமைப்பு முறைமை’.

தோற்றம் நிறத்தோடு முடிவதில்லை. ஓசூர்க் கடைத் தளத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். தமிழுக்கு அளந்த வரி உயரத்தில் கன்னட, தெலுங்குக் கூட்டெழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படலாம். வரி உயரத்தையும் மொழிக்கொரு மதிப்பாக டோக்கனில் வைத்துவிட்டால், ஒவ்வொரு பொத்தானையும் பிரித்துத் திருத்தும் தொல்லை இல்லை.