சொல் விளக்கம்: ஸ்போர்ட்ஸ் பைக்

மதுரையில் என் அக்காள் மகன் வண்டி பார்க்கப் போன கடையில் ஒரு தமிழ் விளம்பரத் தாள் கொடுத்தார்கள். அதை என் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். ‘விளையாட்டு மோட்டார் சைக்கிள்’ என்று முதல் வரியிலும், அதற்குச் சற்றுக் கீழே விலையும் இருந்தன. “ஏப்பா, வெளயாட்டு வண்டிக்கா இம்புட்டுப் பணம்?” என்று அவர் கேட்டதற்குப் பேரனிடம் விடையில்லை, தாளை எழுதியவரிடம் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ‘ஸ்போர்ட்ஸ் பைக்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த இந்தத் தொடரை இதற்குமுன் எத்தனையோ இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். அம்மாவின் கேள்விக்குப் பிறகு அப்படிக் கடக்க மனம் வரவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘பைக்’ என்பது ‘பைசைக்கிள்’ என்பதன் குறுக்கம். ‘ஸ்போர்ட்’ பழைய பிரெஞ்சு மொழியின் ‘டெஸ்போர்ட்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. வேலையிலிருந்து மனத்தை அப்பால் கொண்டுசெல்வது என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபின் முன்னசை தேய்ந்து, பொழுதுபோக்கு, வேட்டை, போட்டி ஆட்டம் என்று பொருள் விரிந்தது. கார்களின் காலம் வந்ததும், ஓட்டுவதன் இன்பத்துக்கென்றே செய்த வண்டிக்கு அது அடைமொழியாயிற்று. நம் ‘விளையாட்டு’ என்னும் சொல்லையும் விருப்பத்தோடு ஆடும் ஆட்டம் என்றே பிரித்துப் பொருள் சொல்வர். ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்று தொல்காப்பியமே பேசுகிற அளவுக்கு அது பழைய சொல். ஆக, வேரை மட்டும் பார்த்தால் அந்த விளம்பரத் தாளை எழுதியவர் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்றைய தமிழில் ‘விளையாட்டு’ என்பதை ஒரு பொருளின் பெயருக்கு முன் அடையாக வைத்தால் என்ன ஆகிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. விளையாட்டுத் துப்பாக்கி சுடாது, விளையாட்டுச் சாமானில் சோறு வேகாது, ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றால் பொறுப்பில்லாதவன். திடல், வீரர், போட்டி, அமைச்சர் போன்ற சில சொற்களுக்கு முன் மட்டுமே அது போட்டி ஆட்டத்தைச் சுட்டுகிறது. வண்டிக்கு முன் வந்தாலோ திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் சாமானைத்தான் காட்டும். என் அம்மா தவறாகப் படிக்கவில்லை, எழுதியிருந்ததைச் சரியாகவே படித்தார்.

‘பந்தய உந்துருளி’ என்பது இதற்கு மாற்றாகச் சொல்லப்படுகிறது. தூய தமிழ் என்பதால் பலருக்கு இதில் மயக்கம் உண்டு. எனக்கும் சில காலம் இருந்தது. பொருளோடு ஒட்டிப் பார்த்தால் இது முன்னதைவிடத் தந்திரமான பிழை. மோட்டோ ஜிபி பந்தயத்தில் ஓடும் வண்டிகள் பந்தயத்துக்கென்றே செய்யப்படுபவை. அவற்றைச் சாலையில் ஓட்ட முடியாது. 1988இல் தொடங்கிய உலக சூப்பர்பைக் போட்டியோ, கடையில் விற்கும் வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட வண்டிகளுக்கானது. அந்தக் கடை வண்டியைத்தான் நாம் ஸ்போர்ட்ஸ் பைக் என்கிறோம். 1980களில் ஜப்பானியர் இந்த வகையை ‘ரேசர் ரெப்ளிகா’ என்றழைத்தார்கள், அதாவது பந்தய வண்டியின் நகல். 1985இல் விற்பனைக்கு வந்த சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அலுமினியச் சட்டகம், சுமார் 100 குதிரைத்திறன், எரிபொருள் ஊற்றாத நிலையில் 176 கிலோ எடை. நெடுநேரப் பந்தயங்களில் ஓடிய வண்டியின் சாயலில் செய்யப்பட்டது. ஆனாலும் எண்பலகை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழ் கைவிட்டுவிடும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இருசக்கர வாகனக் காப்பீட்டின் வழக்கமான விதிகளின்படி, முறையாக நடத்தப்படும் பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ வண்டி ஈடுபட்டிருக்கும்போது நேரும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. தன் வண்டியைத் தானே பந்தய வண்டி என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒருவர் இழப்பீடு கேட்டு நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

‘விரைவுந்து’ என்று ஒரு நண்பர் சொன்னார். வேகந்தான் இலக்கணமா? சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப் பழகப் போகிறவர்களிடம் சிறந்த ஸ்போர்ட்ஸ் பைக் எது என்று கேட்டுவிட்டால் தேநீர் ஆறிப்போகும்வரை பேசுவார்கள். குதிரைத்திறன்தான் முதலில் என்று ஒருவர் தொடங்குவார். எடைதான் எல்லாம் என்று அடுத்தவர் மறுப்பார். எடைக் கட்சிக்கு வலுவான சாட்சி 1992இல் வந்த ஹோண்டா சிபிஆர் 900ஆர்ஆர். தடாவோ பாபா என்னும் பொறியாளர் முன்னின்று உருவாக்கிய அந்த வண்டி, 893 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு 185 கிலோவில் நின்றது. அன்றைய 600 சிசி வண்டிகளின் எடை அது. 1998இல் யமஹா ஆர்1 எடையை 177 கிலோவுக்குக் குறைத்து, திறனை 150 குதிரைத்திறனாக உயர்த்தியது. மறுஆண்டே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் சுசுகி ஹயபுசா வந்தது. ஆனால் 215 கிலோ எடையுள்ள அதை நேர்சாலைக்கான வண்டி என்று சொல்லித் தனி வரிசையில் நிறுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சாலையிலேயே சான்று இருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இன்டர்செப்டர், யமஹாவின் 150 சிசி ஆர்15 வண்டியை நேர்சாலையில் எளிதில் முந்திவிடும். இருந்தும் ஆர்15 ஸ்போர்ட்ஸ் பைக், இன்டர்செப்டர் அப்படியில்லை என்பதில் ஓட்டுபவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

அப்படியென்றால் எது இலக்கணம்? தாழ்ந்த கைப்பிடி, பின்னே தள்ளி உயர்த்திய கால்மிதி, காற்றைக் கிழிக்கும் மேலுறை, பெட்ரோல் டாங்கின்மேல் கவிழ்ந்த உடல், வளைவில் வண்டியைச் சாய்க்கத் தயக்கமில்லாத அமைப்பு. கடைசியில் அக்காள் மகன் வாங்கி வந்து வாசலில் நிறுத்தி ஏறி உட்கார்ந்ததும் அம்மா, “பாயப்போற மாடு கணக்கா குனிஞ்சுல்ல உக்காந்திருக்கான்” என்றார். நான் வருடக்கணக்கில் தேடிய சொல் அதுதான்.

பாய் என்னும் வினையோடு, பேருந்தில் நமக்குப் பழகிப்போன உந்து சேர்ந்தால் ‘பாயுந்து’. குதிரைக்குப் பாய்மா என்ற பெயர் பழந்தமிழில் உண்டு. காளையின் பாய்ச்சலை விளக்க மதுரைக்காரர்களுக்கு அகராதி வேண்டாம். முன்குனிவு, உந்துதல், வளைவில் தடையின்றி ஓடுதல் ஆகிய மூன்றும் அந்த ஒரு வினைக்குள் அடங்குகின்றன. கோரைப்பாய் விற்பவரின் வண்டியா என்று கேலி செய்தார் அதே நண்பர். பேருந்தைப் பார்த்து யாருடைய பேரை உந்துகிறது என்று எவரும் கேட்பதில்லையே என்றேன்.

சொல்லுக்குச் சொல் வைப்பவர்களால் வரும் தொல்லை இந்த ஒரு பெயரோடு நிற்கவில்லை. மேலுறை இல்லாத ‘நேக்கட்’ வகையை ‘நிர்வாண பைக்’ என்று எழுதுகிறார்கள். நெடும்பயணத்துக்கும் ஏற்ற ‘ஸ்போர்ட் டூரிங்’ வகை ‘விளையாட்டுச் சுற்றுலா’ ஆகிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஏற்றிச் செல்வதுபோல. எஞ்சினின் துடிப்பைக் கூட்டும் ‘ஸ்போர்ட் மோட்’ பொத்தானுக்கு ‘விளையாட்டு முறை’ என்று பெயர். வண்டியில் ஒருமுறை ஏறி உட்கார்ந்தவர் இவற்றுள் ஒன்றையும் எழுதமாட்டார். முறுக்குவிசை, குதிரைத்திறன் போன்ற நல்ல சொற்களைப் பாடநூல்களுக்கு ஆக்கித் தந்தவர்கள் இதே தமிழில்தான் வேலை செய்தார்கள். அவர்கள் ஆக்குமுன் பொருளைப் புரிந்துகொண்டார்கள் என்பதே வேறுபாடு.

பாயுந்து என்று ஏற்றால் மற்றவை தாமாக வரும்: நெடும்பயண வகை பயணப் பாயுந்து, அந்தப் பொத்தான் பாய்ச்சல் நிலை, நேக்கட் வகை திறந்த வண்டி. புதுச்சொல் கூச்சமாக இருப்பவர்கள் ‘ஸ்போர்ட்ஸ் பைக்’ என்றே எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. மெக்கானிக் கடையில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். அந்த விளம்பரத் தாளை அம்மா இப்போது சமையலறை அலமாரியில் விரித்து, அதன்மேல் ஊறுகாய்ச் சாடியை வைத்திருக்கிறார்.