ஈரத்தில் மறையும் வெண்புள்ளி

மாக்கோலம் போட்டவர்களுக்கு இது தெரியும். அரைத்த மாவில் இழை இழுத்தவுடன் கோலம் மங்கலாகத்தான் இருக்கும். காயக் காயத்தான் தரையில் பளிச்சென்று வெளுத்து எழும். குழந்தையின் முன்பல்லில் தெரியும் வெண்புள்ளியும் அப்படிப்பட்டதுதான். வாயைத் திறந்தபடி தூங்கி எழுந்த குழந்தையின் பல்லில், காலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் தெரிந்த புள்ளி, சற்று நேரம் கழித்துப் பார்த்தால் பாதி மங்கியிருக்கும். அம்மா துணியால் துடைத்துப் பார்ப்பார், நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். போகாது. பல்லின் மேல் எதுவும் ஒட்டியிருந்தால்தானே போவதற்கு? உள்ளே கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பல்லின் மேலுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த மெல்லிய படிகங்கள் அதில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அதனால் ஒளி உள்ளே நுழைந்து, அடியிலுள்ள மஞ்சள் நிறப் பகுதி வரை போய்த் திரும்புகிறது. தாது குறைந்த இடத்தில் படிகங்களுக்கு நடுவே நுண்ணிய துளைகள் இருக்கும். ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். அது எனாமலுக்கு 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைகளில் எச்சில் நிறைந்திருந்தால் வேறுபாடு குறைவு, ஒளியும் குறைவாகவே சிதறும். உலர்ந்து காற்று புகுந்துவிட்டால் ஒளி நாலாபுறமும் சிதறி அந்த இடம் வெளேரென்று தெரிகிறது. பல் மருத்துவர் பல்லின் மீது சில நொடிகள் காற்றை ஊதிப் பார்ப்பது இதற்காகத்தான். உலர்ந்தால் மட்டுமே தெரியும் புள்ளி ஆழமில்லாதது. ஈரத்திலும் தெரிந்தால் துளைகள் இன்னும் உள்ளே போயிருக்கின்றன.

இந்தத் துளைகள் பல் முளைத்த பிறகும் வரலாம், அதற்கு முன்பே வந்திருக்கலாம். முளைத்த பிறகு வருவதற்குக் காரணம் அமிலம். பல்லில் படிந்த கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உமிழ்கின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் தாது கரையத் தொடங்கும். இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு, தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடுவதால், மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு விழும். இதுதான் சொத்தையின் முதல் அடையாளம். உதட்டைத் தூக்கிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது. மாதம் ஒரு முறையாவது தூக்கிப் பாருங்கள் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கெஞ்சத் தோன்றுகிறது. ஏனென்றால் இந்தக் கட்டத்தில் பல்லில் குழி விழுந்திருக்காது. எச்சிலிலுள்ள கால்சியமும் பற்பசையிலுள்ள ஃபுளோரைடும் சேர்ந்து இழந்த தாதுவைத் திரும்பக் கொடுக்க முடியும்.

முளைக்கும் முன்பே வந்த புள்ளியின் கதை வேறு. நிரந்தர மேல் நடு முன்பற்களின் எனாமல், குழந்தை பிறந்த மூன்று நான்கு மாதத்தில் தாடைக்குள் உருவாகத் தொடங்கி, நான்கைந்து வயதில் முடிகிறது. அதைக் கட்டும் செல்கள் பல் வெளியே வரும்போது அழிந்துவிடுகின்றன. பிறகு எத்தனை கால்சியம் மாத்திரை கொடுத்தாலும் அந்தப் புள்ளி நிரம்பாது. கீழே விழுந்து பால் பல்லில் அடிபட்டிருந்தால், அதன் அடியில் வளரும் பல்லில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியலாம். இரு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்கே மெல்லிய மேகக் கீற்றுகள்போல் இருந்தால், குடித்த தண்ணீரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறைகளிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கசிகிறது. எனாமல் முதிரும்போது அதிலுள்ள புரதம் வெளியேறி, அந்த இடத்தைத் தாது நிரப்ப வேண்டும். மிகுதியான ஃபுளோரைடு அதைத் தடுத்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். மிகுதியான ஃபுளோரைடால் வரும் இந்த நோய், ஃபுளோரோசிஸ், அன்றைய சென்னை மாகாணத்தில் 1937-லேயே பதிவாகிவிட்டது. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013-இல். அந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு நிரந்தர முன்பல் முளைத்தது 2020 வாக்கில். தண்ணீர் மாறியது பல்லில் தெரிய ஏழு ஆண்டுகள் ஆகும்.

இதைக் கேட்டுப் பயந்து ஃபுளோரைடு பற்பசையையே நிறுத்திவிடக் கூடாது. சிக்கல் விழுங்குவதில்தான். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும்.

ஆழமில்லாத புள்ளியை மறைக்க இப்போது ஒரு வழி இருக்கிறது. பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் மெல்லத் திறந்து, உலர்த்தி, தண்ணீர்போல் நெகிழ்ந்த பிசினைத் துளைகளுக்குள் ஊற விட்டு, ஒளி பாய்ச்சி இறுகச் செய்கிறார்கள். பிசினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, எனாமலுக்கு மிக அருகில். பிசினுக்கு முன்பு எத்தனாலைத் தடவும்போதே புள்ளி கண்ணெதிரே மங்கும், ஈர மாவுக் கோலம்போல. எத்தனால் ஆவியானதும் மறுபடி வெளுக்கும். பிசின் இறுகிய பிறகு துளைகளில் காற்றுக்கு இடமில்லை.