நுங்கம்பாக்கத்தில் சிக்கிய ‘ஆசியா’

தொலைநோக்கியில் பார்த்தாலும் சிறுகோள் வெறும் புள்ளிதானே, பக்கத்து விண்மீனிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். பதில் சொல்ல நம்மூர்க் கதையே இருக்கிறது.

1861 ஏப்ரல் 17. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வு நிலையத்தில் நார்மன் போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். எண் 67, பெயர் ஆசியா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையில் சுற்றுவது. ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் இதுதான்.

அப்போது கண்ணும் விண்மீன் வரைபடமும்தான் துணை. வரைபடத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால் குறித்துவைத்து, மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டும். விண்மீன் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் நகர்ந்திருக்கும்.

சரி, எந்தப் பக்கம் நகரும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சிறுகோள் சூரியனைச் சுற்றுவது மேற்கிலிருந்து கிழக்காக. ஆனால் சூரியனுக்கு நேரெதிரே வரும் நாட்களில் அது மேற்கே பின்வாங்குவதுபோலத் தெரியும். காரணம் நாம்தான். பூமி வினாடிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. ஓடுகிறது, ஆசியா 19தான். பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாக வரும் ரயிலை நம் ரயில் முந்தும்போது, அது பின்னால் போவதாகவே கண் நம்பும் அல்லவா? அதேதான். வேக வித்தியாசம் 11 கி.மீ., தூரம் சுமார் 21 கோடி கி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளைக்குக் கால் டிகிரி, அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதி! அப்போதுதான் சிறுகோள் நமக்கு நெருக்கமாக, பளிச்சென்றும் இருக்கும்.

இதே பின்னோட்டத்தைத்தான் ஜோதிடத்தில் ‘வக்கிரம்’ என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். குரு வக்கிரம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போடும் வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. குரு எங்கும் திரும்பவில்லை. நாம் முந்துகிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் பல இரவுகளின் அளவீடுகளிலிருந்து பாதையைக் கணக்கிட்டார்கள். ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டு. சிறுகோள்களுக்குப் புராணப் பெண்களின் பெயர் வைப்பது அன்றைய வழக்கம். ஆசியா கிரேக்கப் புராணத்தில் ஒரு பெண்தெய்வம், கண்டத்தின் பெயரும் அதுவே. எவ்வளவு பொருத்தம்!

இன்று முதலில் தற்காலிகக் குறியீடு, பாதை உறுதியானதும் எண், அதன்பிறகே பெயர். கண்டுபிடித்தவர் முன்மொழியலாம், ஒப்புதல் தர வேண்டியது சர்வதேச வானியல் ஒன்றியம். போக்சன் 1885இல் கண்ட வேரா என்ற சிறுகோளுக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க 1988 வரை காத்திருந்தோம். இந்த இடைவெளி இன்னமும் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் இதற்குப் பிரம்மாண்டக் கருவி தேவைப்படவில்லை. ஜவ்வாது மலையின் காவலூரில் 45 செ.மீ. தொலைநோக்கியை வைத்தே வானியலாளர் ராஜமோகன் அதைப் பிடித்தார். இந்த அளவுக் கருவிகளை நம் பல்கலைக்கழகங்களுக்கு வாங்கித் தர அரசு தயங்கவே கூடாது. காவலூரில் கிடைத்த அந்த 4130ஆம் சிறுகோளின் பெயர் ராமானுஜன்.