அத்தைகளை எண்ணாமல் எல்லைக்கல் நடாதீர்கள்

போன மாதம் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேத்தியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். எண்பதைத் தாண்டிய வயது. மடியிலிருந்த மஞ்சப்பையிலிருந்து முத்திரைத் தாள்களை எடுத்து நீட்டினார். "பட்டாவுல பேர் மாத்தணுமாம், ஒரு கைநாட்டு வச்சாப் போதும்ங்கிறான் தம்பி மகன். வச்சிரட்டுமா வக்கீல் தம்பி?"

வாசித்தேன். அது பட்டா விண்ணப்பமே இல்லை, விடுதலைப் பத்திரம். கடலோரத்தில் நாற்பது ஏக்கர் தென்னந்தோப்பில் தனக்குள்ள பங்கை எந்தப் பணமும் வாங்காமல் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. இந்த ஆண்டில் இப்படி என் மேசைக்கு வந்த நாலாவது பத்திரம் இது. அதனால்தான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

தோப்பு பாட்டியின் அப்பா வாங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் முகாம் வழியாக, தோட்டத் தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணியாக இலங்கைக்குப் போய், அங்கே சிறு தோட்டத்துக்குச் சொந்தக்காரராகி, வெள்ளைக்காரர் காலத்திலேயே அதை விற்றுவிட்டு ஊர் திரும்பி, மணல்மேட்டை வாங்கித் தென்னை வைத்தவர். 1961-ல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி முன்பே போய்விட்டார். இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். மகன்கள் நடுவில் பனைமட்டை வேலி போட்டு ஆளுக்குப் பாதியாக அனுபவித்தார்கள். மகள்களுக்கு வருடா வருடம் பொங்கலுக்கு ஒரு மூட்டை தேங்காய் போகும். இப்போது பேரன்கள் விற்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

தம்பி மகனைப் போனில் பிடித்தேன். "அத்தைமாருக்கு ஏதுங்க பங்கு? எல்லாம் 89-க்கு முந்தியே கட்டிக்கொடுத்தவுக."

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 1989 மார்ச் 25 என்பது கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்துக்கான தேதி. மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தபோது, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. அந்த விலக்கும் 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தத்தோடு போயிற்று. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தப் பாட்டிக்கு இவை எதுவுமே தேவையில்லை. அவர் அப்பா அந்தத் தோப்பைத் தன் அப்பனிடமிருந்து பெறவில்லை, சம்பாதித்து வாங்கினார். சுயார்ஜிதம். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயார்ஜிதம் மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் போகும். கல்யாணம் ஆனதா, எந்த வருடம் ஆனது, எத்தனை பவுன் போட்டார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. 1961-லேயே ஐந்து பேருக்கும் ஆளுக்கு எட்டு ஏக்கர் வந்துவிட்டது. 1989-ல் புதுச் சட்டம் வந்தபோது அத்தைகளின் உரிமைக்கு 28 வயது. பேரன் வாயில் அது 'பூர்வீகம்' என்று வருவதாலேயே பூர்வீகச் சொத்தாகிவிடாது. சீர் செய்தது சீர்தான், அது பாகம் ஆகாது.

அடுத்து பட்டாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரியவர் பேரும் பக்கத்தில் 'வகையறா'வும் இருக்கும். இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரும்பகுதி சேதுபதி ஜமீனாக இருந்தது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அதிகாரி முன்னால் போய் நின்ற மூத்தவர் பேரில் பட்டா விழுந்த குடும்பங்கள் ஏராளம். அதை வைத்துத் தங்கச்சிகளின் உரிமையை அழிக்க முடியாது. (பழைய தாளில் 'எஸ்டேட்' என்று பார்த்தால் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1908 சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தின் பாஷையில் அது ஜமீன்.) பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் சொந்தம் என்பதும் பங்காளிகளுக்குள் அப்படியே செல்லாது. ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும்தான். அந்தத் தேங்காய் மூட்டை இருக்கிறதே, சகோதரிகளை ஒதுக்கவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. பாட்டி அதை அண்ணன் தம்பியின் இரக்கம் என்று நினைத்திருந்தார்.

முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. பிறப்பால் பங்கு என்பதே அங்கு கிடையாது, ஷரீஅத்படி மகனுக்குரியதில் பாதி மகளுக்கு. அதையும் கொடுக்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். இலங்கையில் இன்னும் நிலம் கிடக்கிறது என்று பழைய தாள்களோடு வருபவர்களுக்கு: அந்த நிலத்துக்கு அந்த நாட்டுச் சட்டம்தான். 1972 நிலச் சீர்திருத்தத்தில் தனியாருக்கு 50 ஏக்கருக்கு மேல் இருந்தது அங்கே அரசிடம் போய்விட்டது.

பாகம் பிரிக்க உட்காரும்போது எல்லோரும் ஏக்கரைப் பார்க்கிறார்கள், கிணற்றை மறந்துவிடுகிறார்கள். இந்தத் தோப்புக் கிணற்றைப் போய்ப் பார்த்தேன். கயிறு தேய்த்துத் தேய்த்துக் கைப்பிடிச் சுவர்க் கல்லில் விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கிறது. அறுநூறு அடியில் கடல். கிணற்றில் நல்ல தண்ணீர். மணலுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது, அவ்வளவுதான். ஒருவர் பங்கில் கிணற்றை விட்டு, அவர் பெரிய மோட்டார் வைத்து இழுத்தால் கொஞ்ச நாளில் எல்லோர் தண்ணீரும் உவர்த்துவிடும். கிணறு பொது, யாருக்கு எந்த முறை, மோட்டார் எத்தனை குதிரைசக்தி, பாதை எத்தனை அடி என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். தோப்பைக் கடல் பக்கம், ரோட்டுப் பக்கம் என்று குறுக்கே வெட்டாதீர்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு உண்டு. 'ரிசார்ட் கட்டலாம்' என்று கடல் பக்கத்தைக் கூடுதல் விலைக்கு எடுத்தவர் பிறகு தம்பி மேலேயே வழக்குப் போடுகிறார். ரோட்டிலிருந்து கடல் வரை நீளவாக்கில் பிரியுங்கள்.

ஆன்லைன் வில்லங்கச் சான்று எல்லாப் பழைய வருடங்களுக்கும் வராது. அதோடு நிறுத்தினால் தாய்ப்பத்திரமே உங்கள் கண்ணில் படாது. பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய புத்தகத்தைத் தேடச் சொல்லுங்கள். நில உச்சவரம்புக்குப் பயந்து மருமகன் பேரில் எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். வெள்ளைத்தாளில் பாகம் எழுதிப் பெட்டியில் பூட்டாதீர்கள், பதியாத பாகப்பத்திரம் கோர்ட்டில் கை கொடுக்காது. குடும்பத்துக்குள் பாகம் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு பங்குக்கு ரூ.40,000-ஐத் தாண்டாது. நாற்பது ஏக்கருக்கு இது பெரிய தொகையா?

பெரியவர்களே, தாயே, யார் வந்து கேட்டாலும் வாசித்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் கைநாட்டு வைக்காதீர்கள். சொந்தத் தம்பி மகனே கேட்டாலும்தான்.

அந்தப் பத்திரத்தில் பாட்டி கைநாட்டு வைக்கவில்லை. சமரசத்துக்கு அழைத்துத் தம்பி மகனுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். மற்ற இரண்டு அத்தைகளில் ஒருவர் காலமாகிவிட்டார், அவர் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்களாம். அவர்களுக்கும் இந்த வாரம் தபால் போகிறது.