முதலாம் தரத்தில் கொடுத்த துண்டு

"கொழுந்து மடுவத்துல நின்னுக்கிட்டே லயத்து வாசல்ல எத்தன கோழி மேயுதுன்னு எண்ணிச் சொல்லுவான் டொக்டர். இவனுக்கா கண்ணு தெரியல?" என்றார் அந்த அம்மா. நான் டொக்டர் இல்லை, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் வேலை செய்யும் கண் பரிசோதகர். தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எல்லாரும் டொக்டர்தான்.

பையனுக்கு ஆறு வயது. இடக்கண்ணைக் கையால் மூடினேன், அட்டையில் கடைசி வரிவரை சொன்னான். வலக்கண்ணை மூடினேன். முதல் எழுத்துக்கே தலையைச் சாய்த்து, என் விரலிடுக்கால் பார்க்கத் தொடங்கிவிட்டான். அம்மா சிரித்தார், விளையாடுகிறான் என்று நினைத்து.

கோழியை எண்ணியதெல்லாம் வலக்கண். இடக்கண்ணில் கூட்டல் ஐந்து பவர். அந்தக் கண் அனுப்பும் மங்கல் படத்தை மூளை சிறு வயதிலேயே ஒதுக்கிவிடுகிறது. சோம்பல் கண் என்று சொல்வது இதைத்தான். வலிக்காது, சிவக்காது. பிள்ளையும் ஒன்றும் சொல்லாது, நன்றாகத் தெரியும் கண் எப்படியிருக்கும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்தால்தானே! கண்ணாடி போட வேண்டும். அது போதாவிட்டால் நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டுப் போட்டு மறைத்து, சோம்பல் கண்ணிடம் வேலை வாங்க வேண்டும். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பிந்தினாலும் சிலருக்குத் தேறும், ஆனால் வயது ஏற ஏறக் கடினம்.

பைக்குள் தேடி அம்மா ஒரு துண்டை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. பள்ளிக்கூடப் பரிசோதனையில், கண் கிளினிக்கில் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தது. ஏழு மாதம் முந்திய திகதி.

நம் நாட்டில் பெரிய பள்ளிக்கூடங்களில் 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முதலாம் தரத்தில் கொடுத்த துண்டு பைக்குள்ளேயே தங்கிவிட்டால், அடுத்து யாராவது அந்தக் கண்ணைப் பார்ப்பது நாலாம் தரத்தில். அப்போது பிள்ளைக்கு ஒன்பது வயது.

ஏன் ஏழு மாதம்? அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் கிளினிக் நாளில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கல்ரோட்டில் ஓட்டோ, பிறகு பஸ். போய்ச் சேர்ந்தால் நம்பர் முடிந்திருக்கும். துண்டில் எழுதியிருப்பது இங்கிலீஷ், கவுண்டரில் கேட்பது சிங்களம். கடைசியில், ஆஸ்பத்திரி எழுதித் தரும் கண்ணாடியைக் கடையில் வாங்க வேண்டும். மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடித் திட்டங்கள் உண்டு. அதற்கும் ஒரு நாள் போய் நிற்க வேண்டுமே. 1964இல், கண்தானச் சங்கத்தைத் தொடங்கிய டொக்டர் ஹட்சன் சில்வாவின் ஏற்பாட்டில் ஐஸ் போட்ட தேர்மஸ் பிளாஸ்க்கில் தானக் கண்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பிய நாடு இது. ஒரு சோடிக் கண்ணாடி மலையேறி வரத்தான் இத்தனை பாடு.

2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு என்றும், அவர்களில் 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் சொன்னது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 2021இல் உலக சுகாதாரப் பேரவை 2030க்கு வைத்த இலக்கு. எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பது அதில் கணக்கில்லை. கண்ணாடி தேவையானவர்களில் எத்தனை பேர் அதைப் போட்டு நன்றாகப் பார்க்கிறார்கள் என்பதே கணக்கு. நம் அறிக்கைகளில் 'பரிசோதிக்கப்பட்டோர்' என்று ஒரு பெரிய எண் வருகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மடித்த துண்டு ஞாபகம் வரும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று இங்கே இன்னும் சொல்கிறார்கள். இல்லை, அதுவும் சோம்பல் கண்ணுக்கு ஒரு வழி. கண்ணில் தாய்ப்பால் விடுவதையும் நிறுத்துங்கள். ஒன்றுக்கு மட்டும் கிளினிக் நாள், பேர், எதையும் பார்க்கக்கூடாது: கருமணிக்குள் வெள்ளை தெரிந்தால், போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால், உடனே ஓடுங்கள். பிறவிப் புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது, உயிரையே எடுக்கக்கூடியது.

அந்தப் பையனுக்குக் கண்ணாடி வந்தது. ஒட்டை யார் போடுவது என்பதுதான் சிக்கல். அம்மா மலையில் நிற்கிறார், வீட்டில் விட்டால் பிய்த்துவிடுவான். பள்ளிக்கூடம் விட்டதும் தங்கச்சி இருக்கும் பிள்ளை மடுவத்துக்குத்தான், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்குத்தான், போவான் என்று பேச்சில் தெரிந்தது. மடுவத்து ஆயாம்மாவிடம் பேசினோம். இப்போது அவர்தான் ஒட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் சோளத்தையும் பயறையும் பிரிக்க வைக்கிறார். நாலு மாதத்தில் இடக்கண் அட்டையில் இன்னும் மூன்று வரி கீழே படிக்கிறது. இன்னும் இரண்டு வரி பாக்கி. அடுத்த முறை பத்தாம் திகதிச் சம்பளம் கிடைத்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.