அண்ணி ஏன் புத்தகத்தை மூடினார்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிங்கப்பூரில் செங்காங் பக்கம் அண்ணி வீடு. நூலகத்தில் எடுத்து வந்த ஒரு பொழுதுபோக்கு நாவல், மூன்றாம் அத்தியாயம். கதாநாயகி ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடையொன்றில் மூவாயிரம் வெள்ளிக்குக் கைப்பை எடுக்கிறாள். கார்டைக் கொடுத்தால் போகவில்லை. இரண்டாவது கார்டு, அதுவும் போகவில்லை. மூன்றாவதை நீட்டும்போது இயந்திரத்தைப் பார்த்து, "தங்கமே, இந்த ஒரு தடவை மட்டும்" என்று மனசுக்குள் கெஞ்சுகிறாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதே பக்கத்தைப் படித்த அண்ணி புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "அம்மா ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க, இவளுக்குப் பை கேக்குதா? ரெண்டு அறை விடணும் போல இருக்கு."

இந்த மாதிரிக் கதைகளுக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. உதட்டுச்சாயம், உயரக் குதிகால் செருப்பு, கொண்டோ வீடு, தலைக்குமேல் கடன் என்று வாழும் நகரத்துப் பெண்ணைப் பாதிப் பேர் கட்டிக்கொள்கிறார்கள், பாதிப் பேர் கரித்துக் கொட்டுகிறார்கள். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதே அண்ணி, லண்டனில் கடை கடையாக ஏறி இறங்கிக் கடனில் மூழ்கும் ஒருத்தியின் கதையை இரண்டே இரவில் படித்து முடித்தவர். அவளுடைய கடனையெல்லாம் மன்னித்தவர். அப்படியானால் ரசனையை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

கதை படிக்கும்போது நமக்குள் ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். 1970களில் டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த கருத்து இது. பாத்திரங்கள் செய்வதையெல்லாம் நாம் விடாமல் சரி, தப்பு என்று எடைபோட்டுக்கொண்டே போகிறோம். சரி என்று பட்டவருக்கு நல்லது நடந்தால் மனசு குளிர்கிறது. தப்பு என்று பட்டவர் அடிவாங்கினாலும் அதே குளிர்ச்சி. நல்லவர் தோற்று, கெட்டவர் ஜெயித்தால் புத்தகத்தின் மேலேயே கோபம் வருகிறது.

கணக்கு சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கைப்பை நாயகி இந்தக் கணக்குக்குள் அடங்கமாட்டாள். அவள் செய்வது தப்பு என்று எனக்கும் தெரியும், இருந்தும் அவளைப் பிடிக்கிறது. 2004இல் ஆர்தர் ரேனி இதற்கு ஒரு விளக்கம் வைத்தார். பல நேரங்களில் வரிசை தலைகீழாக நடக்கிறது என்றார். முதலில் பிடித்துப் போகிறது, தீர்ப்பு பிறகுதான் வருகிறது. "இவள்தான் கதாநாயகி" என்ற அடையாளம் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால், அதன் பிறகு அவள் எதைச் செய்தாலும் நாமே வக்கீலாகி வாதாடுகிறோம். சொந்தப் பிள்ளை கண்ணாடியை உடைத்தால் "கை தவறிடுச்சு" என்போம், பக்கத்து வீட்டுப் பிள்ளை உடைத்தால் "வால்" என்போம். அதே கதைதான்.

நாவலாசிரியர்கள் இதை ஆராய்ச்சி செய்யாமலே அறிந்திருக்கிறார்கள். இந்த வகைக் கதைகளில் பல "நான்" என்று தொடங்குவது அதனால்தான். அவள் வாயாலேயே அவள் அசடு வழிவதைக் கேட்கிறோம். அவள் சொல்வது ஒன்று, நமக்குப் புரிவது வேறொன்று. "இது செலவு இல்லை, முதலீடு" என்று அவள் கைப்பையைத் தடவும்போது, அவள் தன்னை ஏமாற்றிக்கொள்வதும் தெரிகிறது, ஏமாற்றிக்கொள்வது அவளுக்கே அரைகுறையாகத் தெரியும் என்பதும் தெரிகிறது. இன்னொருவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் அதே திறமையைத்தான் இங்கே ஓட்டுகிறோம். அது ஓடினால் நகைச்சுவை. ஓடாவிட்டால் அவள் சொல்வதெல்லாம் நேர்ப்பொருளில் காதில் விழும், வெறும் தற்பெருமையாக.

சரி, அது எப்போது ஓடாமல் போகிறது?

2000இல் மெலனி கிரீனும் டிமதி பிராக்கும் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கதையை ஆட்களிடம் கொடுத்தார்கள். கடைத்தொகுதி ஒன்றில் சிறுமி கொலையாகும், மனசைப் பிசையும் கதை. படித்து முடித்ததும், பொய் என்று படுகிற இடங்களைப் பேனாவால் வட்டமிடச் சொன்னார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ பொம்மையை நினைவூட்டி, எழுதுகிறவர் பொய் சொன்னாலும் எங்காவது தடயம் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் விளையாட்டு. கதைக்குள் ஆழமாகப் போனவர்கள் குறைவாக வட்டமிட்டார்கள். வெளியே நின்று படித்தவர்கள் கண்ணுக்கு நிறையப் பொய் தெரிந்தது. உள்ளே போனவருக்கு ஓட்டை தெரிவதில்லை, அதாவது ஓட்டை தேடும் வேலைக்கு மூளையில் ஆள் மிச்சமில்லை.

நகரத்துக் கதைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. லண்டன் பெண் எந்தத் தெருவில் திரும்பினாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் நான் சொன்ன நாவலில் நாயகி ஆர்ச்சர்ட்டில் எம்ஆர்டி ஏறி, டோபி காட்டில் ரயில் மாறி, ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குகிறாள். எதற்கு மாற வேண்டும்? மூன்றுமே ஒரே சிவப்புப் பாதை நிலையங்கள். போதாக்குறைக்கு ரயிலுக்குள் ஐஸ் காப்பி உறிஞ்சுகிறாள், 500 வெள்ளி அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கே வாழ்கிறவர் பேனாவைத் தேடாமல் இருக்க முடியுமா? ஒரு இடத்தில் கதையை விட்டு வெளியே வந்துவிட்டால், நீதிபதிக்கும் விழிப்பு வந்துவிடுகிறது.

ஊர்த் தூரம் போலவே வாழ்க்கைத் தூரமும் உண்டு. 1954இல் லியோன் ஃபெஸ்டிங்கர் சொன்னது: மனிதர்கள் தங்களைப் பிறரோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறார்கள், அதுவும் தம்மைப் போன்றவர்களோடு. ஆள் எவ்வளவு விலகி இருக்கிறாரோ அவ்வளவுக்கு ஒப்பீடும் தளர்கிறது. லண்டன்காரியோடு அண்ணி தன்னை அளக்கப் போவதில்லை. செங்காங்கிலிருந்து எட்டும் தூரத்தில், தன் வயதில், தன்னைப் போலவே சம்பளம் வாங்கும் ஒருத்தியோடு அளவுகோல் தானாக நீள்கிறது. இதைப் பொறாமை என்றால் அண்ணி என்னோடு பேசமாட்டார், பொறாமையும் இல்லை. போன வருடம் அவருடைய அம்மா ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தார். வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி, ரசம் ஊற்றிய ஃபிளாஸ்க்கோடு தினமும் போய்வந்தவர் அண்ணி. அந்தப் பக்கத்தை நான் கைப்பையின் கதையாகப் படித்தேன், அவர் அம்மாவின் கதையாகப் படித்தார். அந்த அம்மாவுக்கு நாவலில் கிடைத்தது ஒரே ஒரு வரி, நான் அதைத் தாண்டியே போயிருந்தேன்.

இத்தனைக்கும் அண்ணி வெளியே சொன்ன காரணம் வேறு. "நமக்குப் பரவாயில்ல, உயர்நிலை ஒண்ணு படிக்கிற பிள்ளை கையில இது கிடைச்சா?" இந்தப் பேச்சுக்கும் உளவியலில் பெயர் உண்டு. 1983இல் ஃபிலிப்ஸ் டேவிசன் இதை மூன்றாம் ஆள் விளைவு என்றார். என்னைப் பாதிக்காது, உங்களையும் பாதிக்காது, ஆனால் மற்றவர்களைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை. அவர் சொன்ன எடுத்துக்காட்டு ஒரு போர்க் கதை. இரண்டாம் உலகப் போரில், கறுப்பினச் சிப்பாய்களும் வெள்ளை அதிகாரிகளும் இருந்த ஓர் அமெரிக்கப் படைப்பிரிவின் மேல் ஜப்பானியர்கள் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். இது வெள்ளையர் சண்டை, உயிரை விடாதீர்கள் என்று சிப்பாய்களுக்குச் சொல்லும் தாள். மறுநாளே பிரிவு பின்வாங்கப்பட்டது. தாளைப் படித்துச் சிப்பாய்கள் மனம் மாறியதற்கு அடையாளமே இல்லை. மாறிவிடுவார்களோ என்று அதிகாரிகள்தான் பயந்தார்கள். அண்ணி மகளோ அந்த நாவலை எப்போதோ படித்து, "போரிங்" என்று வைத்துவிட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இலக்கியத்தரமான கதை படித்தால் பிறர் மனதைப் படிக்கும் திறன் உடனே கூடுகிறது, பொழுதுபோக்குக் கதைக்கு அது கிடையாது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. மற்றவர்கள் பலர் அதையே திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே மேம்போக்கான கதை படிப்பவரை மட்டம்தட்ட இந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

1980களில் தென்னாப்பிரிக்காவில் விக்டர் நெல் ஒரு வேலை செய்தார். இன்பத்துக்காகப் படிப்பவர்களை உட்காரவைத்து, அவர்களுக்குப் பிடித்த புத்தகத்தையே கொடுத்து, வேகத்தை அளந்தார். பிடித்த இடம் வந்தால் பறப்பார்கள் என்றுதான் நானாக இருந்தால் நினைத்திருப்பேன். ரொம்பப் பிடித்த பக்கங்களில் அவர்கள் மெதுவாகப் போனார்கள். கடைசி வாய் பாயசத்தைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவதுபோல.

கோப்பி கலக்க நான் எழுந்தபோது அண்ணி கேட்டார், "அவ அம்மாவைப் போய்ப் பாத்தாளா இல்லையா?"

"அஞ்சாவது அத்தியாயத்துல போறா, அண்ணி. பையை வித்துட்டு."

"அதை மட்டும் எடுத்துக் குடு."

இரண்டு பக்கம்தான். நான் கோப்பி கலக்கி, குடித்து, குவளையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் இரண்டாவது பக்கத்தின் பாதியில்தான் இருந்தார்.