ரன்னிங் மேட்: கூட ஓடுபவரா, கூட நிற்பவரா?

அமெரிக்கத் தேர்தல் செய்தி ஒன்றை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ‘ரன்னிங் மேட்’ இருந்த இடத்தில் ‘இயங்கும் துணை’ என்று வந்து விழுந்தது, ஏதோ மோட்டாருக்கான உதிரி பாகம் மாதிரி. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று ‘கூட ஓடுபவர்’ என்று எழுதினால் கதை இன்னும் மோசம். தமிழில் ஒருவர் இன்னொருவரோடு ஓடினார் என்றால் ஊரே வேறு மாதிரி புரிந்துகொள்ளும். சங்க இலக்கியம் அதற்கு உடன்போக்கு என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது.

பொருளை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவர், துணை அதிபர் பதவிக்கு ஒருவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு தேர்தலைச் சந்திக்கிறார். இரண்டு பெயருக்கும் சேர்த்து ஒரே வாக்குதான். ஒருவருக்குப் போட்டுவிட்டு மற்றவரை விட்டுவிட முடியாது. அந்த இரண்டாவது ஆள், முதல் ஆளின் ரன்னிங் மேட். ‘முதல் ஆளின்’ என்பதைக் கவனியுங்கள். இது ஒரு பதவியின் பெயர் இல்லை, ஓர் உறவின் பெயர். தமிழாக்கத்தில் சிக்கல் வருவதே அங்கேதான்.

சொல் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே லாயத்துக்காரர் ஒரே பந்தயத்தில் இரண்டு குதிரைகளை விடுவார். ஜெயிக்க வேண்டியது ஒன்று. இன்னொன்றின் வேலை, முன்னால் பாய்ந்து வேகத்தைக் கூட்டி மற்றவர்களின் குதிரைகளுக்கு மூச்சு வாங்க வைப்பது. அது எத்தனாவதாக வந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு வழக்கு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வண்டி பூட்டிய குதிரைப் பந்தயத்தின் மேல் பெரிய மோகம். குதிரை நாலுகால் பாய்ச்சல் எடுக்கக் கூடாது, துள்ளுநடையிலேயே போக வேண்டும். 1867இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஈத்தன் ஆலன் என்ற 18 வயதுக் குதிரையை, அதில் பாதி வயதுள்ள டெக்ஸ்டருக்கு எதிராக இறக்கினார்கள். கிழக் குதிரைக்குப் பக்கத்தில் பாய்ந்தோடும் குதிரை ஒன்றையும் சேர்த்துப் பூட்டினார்கள், அதுதான் ரன்னிங் மேட். வண்டிப் பாரத்தை இழுப்பது இந்தப் பக்கத்துக் குதிரையின் பொறுப்பு. ஈத்தன் ஆலன் பாரம் தெரியாமல் நடை பிசகாமல் போனால் போதும். ஒரு மைலை 2 நிமிடம் 15 விநாடியில் கடந்து டெக்ஸ்டரைத் தோற்கடித்தார்கள். பேரும் புகழும் ஈத்தன் ஆலனுக்கு. அந்தப் பந்தயத்தை வரைந்து விற்ற அச்சுப் படத்தின் தலைப்பில், பாரம் இழுத்த குதிரை வெறும் ‘மேட்’.

இந்தப் பேச்சு அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரசியலுக்குத் தாவிவிட்டது. தாவுவதற்கு வசதியாக ஒன்று ஏற்கெனவே இருந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் தேர்தலில் ‘ஓடுகிறார்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘நிற்கிறார்’. நாமும் நிற்கிற கட்சிதான். “இந்தத் தடவை யார் நிக்கிறா?” என்றுதான் டீக்கடையில் கேட்போம். கட்சி ஆளை ‘நிறுத்தும்’, டெபாசிட் போனவரும் ‘நின்று’ தோற்றவர்தான். ஓடுவதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஒட்டாததற்குக் காரணம் இதுதான். (‘ஓட்டு’க்கும் ஓட்டத்துக்கும் உறவில்லை. ‘வோட்’ நம் வாயில் ஓட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.)

சொல் பிறப்பதற்கு முந்தைய கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் ஏற்பாட்டில் ஜோடியே கிடையாது. மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்கு வாக்களிப்பார்கள். முதலில் வருபவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். 1796இல் ஜான் ஆடம்ஸ் அதிபரானார், அவரை எதிர்த்த தாமஸ் ஜெஃபர்சன் அவருக்கே துணை அதிபரானார். 1800இல் இன்னும் வேடிக்கை. ஒரே கட்சியின் ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 வாக்குகள். பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்கெடுத்துத்தான் ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. 1804இல் 12ஆவது திருத்தம் வந்து, தேர்வாளர்கள் இரண்டு பதவிக்கும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும் என்று பிரித்தது. அதன் பிறகுதான் இரட்டையர் ஏற்பாடு உறுதியானது.

இரண்டாமவரை முதலாமவர் தேர்ந்தெடுப்பார் என்பது இன்னும் பிந்தைய பழக்கம். நெடுங்காலம் கட்சி மாநாட்டில் பெரிய தலைகள் கூடிப் பேசி யாரையாவது கட்டிவிடுவார்கள். 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஹென்றி வாலஸைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துச் சாதித்தார். வேட்பாளரின் சொந்தத் தேர்வு என்ற வழக்கம் அங்கிருந்து வேர்பிடித்தது.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? குதிரைக் கதை சொல்லும் விதி: பாரம் இழுப்பவரைப் பார். வடக்கத்தியருக்குத் தெற்கத்தியர், வயதானவருக்கு இளையவர், ஆளுநராக இருந்தவருக்கு வாஷிங்டன் அனுபவசாலி. 1960இல் மாசசூசெட்ஸின் கென்னடி, டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார், டெக்சாஸ் கிடைத்தது. ஆனால் இதையே சூத்திரமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தும் இருக்கிறார்கள். 1988இல் அதே டெக்சாஸின் லாயிட் பென்ட்சன், 2004இல் வட கரோலைனாவின் ஜான் எட்வர்ட்ஸ், 2012இல் விஸ்கான்சினின் பால் ரயன். மூன்று பேராலும் சொந்த மாநிலத்தைக்கூட வாங்கித் தர முடியவில்லை.

என் கணக்கில் பாரக் கணக்கு இரண்டாம்பட்சம். பதவியிலிருக்கும்போதே இறந்த அமெரிக்க அதிபர்கள் எட்டுப் பேர், பாதியில் விலகியவர் ஒருவர். முதல் குதிரை விழுந்தால் இரண்டாவது குதிரைதான் பந்தயத்தை முடிக்க வேண்டும். 1864இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே, லிங்கனோடு தென்மாநிலத்து ஆண்ட்ரூ ஜான்சனைச் சேர்த்தார்கள். ஒற்றுமையைக் காட்ட அருமையான ஜோடி. இரண்டாம் முறை பதவியேற்ற ஆறே வாரத்தில் லிங்கன் சுடப்பட்டார். விடுதலையான கறுப்பின மக்களின் உரிமைகளுக்குக் குறுக்கே நின்ற ஜான்சன் கையில் நாடு போனது.

1944 இதற்கு நேர்மாறான அதிர்ஷ்டம். ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை சரியில்லை என்பது நெருங்கியவர்களுக்குத் தெரியும். சிகாகோ மாநாட்டின்போது கட்சித் தலைவர் பாப் ஹானகன் ஹோட்டல் அறையில் மிசௌரி மாநில செனட்டர் ஹாரி ட்ரூமனை உட்கார வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்டுக்கு போன் போட்டார். அந்தக் குரல் ரிசீவரைத் தாண்டி அறைக்கே கேட்டதாம். ஆள் ஒத்துக்கொண்டாரா என்றது குரல். இல்லை, இப்படி முரண்டு பிடிக்கும் ஒரு மிசௌரி கோவேறு கழுதையை நான் பார்த்ததே இல்லை என்றார் ஹானகன். போர் நடுவில் கட்சியை உடைக்க நினைத்தால் அது அவர் பொறுப்பு என்று சொல்லி ரூஸ்வெல்ட் போனை வைத்துவிட்டார். ட்ரூமன் பின்னாளில் நினைவுகூர்ந்த காட்சி இது. ரன்னிங் மேட் தேடிய இடத்தில் கோவேறு கழுதை! துணை அதிபராகி 82 நாளில் அவர் அதிபரானார். அணுகுண்டு பற்றி அவருக்கு விவரமாகச் சொல்லப்பட்டது அதற்குப் பிறகுதான். ஆளைச் சரியாகப் பிடித்தார்கள், ஆனால் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

அதை மாற்றியது 1976. ஜிம்மி கார்ட்டர், வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்ததோடு நிற்காமல், வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே, தன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறை கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள்.

இங்கே இன்னொரு சொல்லையும் தொட்டுவிட வேண்டும். ஆளை எடுப்பதற்கு முன் வரிக்கணக்கு, மருத்துவக் குறிப்பு, பழைய பேச்சு எல்லாவற்றையும் துருவுவதை ‘வெட்டிங்’ என்பார்கள். இதுவும் தொழுவத்துச் சொல்தான். கால்நடை மருத்துவரான ‘வெட்’ வந்து விலங்கைச் சோதிப்பதிலிருந்து வந்தது. நம் ஊரில் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். அதேதான். 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் சுழி பார்க்காமல் அவசரத்தில் தாமஸ் ஈகிள்டனை எடுத்தார். ஈகிள்டன் மன அழுத்தத்துக்காக மருத்துவமனையில் மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்பது பிறகு தெரியவந்தது. அவருக்கு என் ஆதரவு ஆயிரம் சதவீதம் என்றார் மெக்கவர்ன். அறிவித்த 18ஆம் நாள் ஈகிள்டன் விலகினார். ஆயிரம் சதவீதம் என்பதே கேலிப் பேச்சாகிவிட்டது. சிகிச்சை பெற்றது குற்றமா என்ன? என்னைக் கேட்டால், கேட்க வேண்டியதைக் கேட்காததும், கொடுத்த வாக்கை விழுங்கியதும்தான் கோளாறு. 2000இல் நடந்தது இதற்கு எதிர்ப்புறக் கோமாளித்தனம்: ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஆள் தேடும் பொறுப்பில் இருந்த டிக் செய்னியே கடைசியில் அந்த ஆளானார்.

2020 ஆகஸ்டில் ஜோ பைடன் கமலா ஹாரிஸை அறிவித்தபோதுதான் இந்தச் சொல் தமிழ்ச் செய்திகளில் தினமும் புழங்கியது. ஹாரிஸின் தாய் சென்னையில் பிறந்தவர். தாத்தாவின் ஊர் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம், அங்கே பேனர் வைத்துக் கோயிலில் பூஜையும் நடந்தது. வேட்பு ஏற்புரையில் குடும்பம் என்றால் யார் யார் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், மாமாக்கள், அத்தைகள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ‘என் சித்திஸ்’ என்றார். சின்னம்மாவை ‘ஆன்ட்டி’ என்று சொன்னால் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். நமக்கு ரன்னிங் மேட் எப்படியோ அப்படித்தான் அவருக்குச் சித்தி!

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் எழுதுவது ‘துணை அதிபர் வேட்பாளர்’. இலங்கைப் பத்திரிகைகளில் ‘உப ஜனாதிபதி வேட்பாளர்’. தப்பில்லை, தெளிவாகவே இருக்கிறது. ஆனால் இது பதவியைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி வாக்கு. 2016இல் அதிபராக ரோட்ரிகோ டுடெர்ட்டேயும், துணை அதிபராக எதிரணியின் லெனி ரொப்ரெடோவும் ஜெயித்தார்கள். ரொப்ரெடோ துணை அதிபர் வேட்பாளர், ஆனால் டுடெர்ட்டேயின் ரன்னிங் மேட் அல்ல. இந்தியாவில் குடியரசுத் துணைத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், இலங்கையில் அந்தப் பதவியே இல்லை. அதனால் நமக்கு இரண்டு ஊரிலும் உள்ளூர்ச் சொல் பிறக்க வாய்ப்பில்லாமல் போனது.

‘சக வேட்பாளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். நம் வழக்கில் அது அதே தொகுதியில் எதிர்த்து நிற்பவரைக் குறிக்கும். ‘மாற்று வேட்பாளர்’ என்பதும் கூடாது, அது முதல் மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று கட்சி கூடவே மனுப் போடச் சொல்லும் ஆள். ‘ஜோடி’ எனக்குப் பிடிக்கும், ஆனால் சினிமா போஸ்டர் ஞாபகம் வந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பவை ‘இணை’யும் ‘துணை’யும். இணை என்றால் சமமான இரண்டு. துணைக்கு இரண்டு முகம். வழித்துணை, பேச்சுத்துணை என்னும்போது கூட வருபவர். துணைவேந்தர், துணைத் தலைவர் என்னும்போது அடுத்த இடத்தில் இருப்பவர். தெற்கத்தி மாட்டுவண்டிப் பந்தயத்தில் ‘துணை சாரதி’ என்பார்கள். சாரதி வண்டியில் உட்கார்ந்து ஓட்ட, துணை சாரதி குதித்து மாட்டோடு மாடாக ஓடிவிட்டு மறுபடி தொற்றி ஏறுவார். ரன்னிங் மேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் ஆளைக் காட்ட முடியுமா? தேர்தல் வரை கூட வருபவர், ஜெயித்தால் அடுத்த நாற்காலிக்காரர் என்ற இரண்டையும் ‘துணை’ ஒன்றே தாங்குகிறது.

ஆகவே ஆளைச் சொல்ல ‘துணை வேட்பாளர்’, யாருக்குத் துணை என்ற உரிமையோடு. இருவரையும் சேர்த்துச் சொல்ல ‘இணை’. எழுதிப் பார்ப்போம்: ‘2024இல் ஹாரிஸ், மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைத் தன் துணை வேட்பாளராக்கினார். ஹாரிஸ்–வால்ஸ் இணை தோற்றது. டிரம்ப்பின் துணை வேட்பாளராக இருந்த வான்ஸ் துணை அதிபரானார்.’ கடைசி வாக்கியத்தில் ‘இருந்த’ என்று போட்டிருப்பது தெரிந்தேதான். இந்தச் சொல்லுக்கு ஆயுள் வாக்குப்பதிவு வரைக்கும்தான்.